எழுத விடமாட்டேன் என்ற டிஸ்க்

பினாங்கு
ஞாயிறு காலை

அன்பு மச்சானுக்கு,

புலனத்தில் நீ அனுப்பிய அந்தச் சிவப்புப் படத்தைப் பார்த்தேன், நம் இரண்டு கம்ப்யூட்டரின் ஃபோல்டர்களையும் ஒன்றுபோல் வைத்திருக்கிற சிங்திங் மென்பொருள், எழுத அனுமதி கொடுத்தும் திருவிழாக் கோப்புகளை மட்டும் உன் டிஸ்க்கில் எழுதமாட்டேன் என்கிறது என்று கேட்டிருக்கிறாய். அங்கேயே நாலு வரியில் பதில் போட்டிருப்பேன், ஆனால் நாலு வரியில் அடங்குகிற சங்கதி இல்லை இது, போன மாதம் இதே தகராறில் எனக்கு மூன்று ராத்திரி போயிற்று, அதனால் பசியாறிவிட்டு உட்கார்ந்து நிதானமாகவே எழுதுகிறேன். வெளியே மழை, எங்கேயும் போகிற வேலையும் இல்லை. வீட்டில் அவளுக்கு முழங்கால் இப்போது தேவலாம், மாடிப்படி மட்டும்தான் ஆகவில்லை. பாயான் லெப்பாஸ் பேக்டரியை விட்டு வந்து எட்டு மாதமாகியும் காலை ஷிப்டுக்கு எழுந்த பழக்கம் போகவில்லை, ஐந்து மணிக்கே கண் திறந்துவிடுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பழைய டிஸ்க் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்ததும் பயந்துபோய்ப் புதுசாக ஒரு நாலு டெராபைட் டிஸ்க் வாங்கி மாட்டினேன். தோட்டத்துப் படங்கள், திருவிழா கேசட்டுகளை நாம் மாற்றி வைத்த ஒலிக்கோப்புகள், எல்லாம் உன் டிஸ்க்கில் ஒரு பிரதி இருக்கிறதே, சிங்திங் தானாக இழுத்துக்கொள்ளும் என்று தைரியம். நடுவில் எந்தக் கம்பெனியின் சர்வரும் நம் கோப்புகளை வைத்துக்கொள்ளாமல் உன் கம்ப்யூட்டர் பெட்டியும் என் பெட்டியும் நேராகப் பேசிக்கொள்ளட்டும் என்றுதானே இதைப் போட்டோம். காலையில் பார்த்தால் ஒரு கோப்புகூட வரவில்லை, வரிசையாக 'பெர்மிஷன் டினைட்', 'பெர்மிஷன் டினைட்' என்று சிவப்பாகக் கிடக்கிறது.

முதல் ராத்திரி கேபிளை மாற்றினேன், யூஎஸ்பி துளையை மாற்றினேன், டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். அத்தனையும் வீண். அந்த வரி என்ன சொல்கிறது என்று நான் படிக்கவே இல்லை. இடம் இல்லையென்றால் 'நோ ஸ்பேஸ் லெஃப்ட்' என்று சொல்லும். ஒழுங்காகக் கழற்றாமல் பிடுங்கிய டிஸ்க்கை, நம் கம்ப்யூட்டரை இயக்குகிற லினக்ஸ் சில சமயம் படிக்க மட்டும் திறக்கும், அப்போது 'ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்' என்று சொல்லும். 'பெர்மிஷன் டினைட்' என்றால் டிஸ்க்குக்கு ஒரு கேடும் இல்லை, ஆள் பார்த்து வாசலில் நிறுத்துகிறது என்று அர்த்தம். ஆனால் நான் அதே டிஸ்க்கைத் திறந்து ஒரு புது ஃபோல்டர் உண்டாக்கினேன், படம் ஒன்றைப் போட்டேன், அழித்தேன், எல்லாம் நடந்தது. எனக்கு நடக்கிறது, இதற்கு மட்டும் ஏன் நடக்கவில்லை, மென்பொருள்தான் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிட்டுப் படுத்துவிட்டேன்.

இரண்டாம் ராத்திரி எல்லாரும் செய்கிற அந்த வேலையைச் செய்தேன். அனுமதியை மாற்றுகிற கட்டளை, சிஎச்மோட் 777. அதாவது படிக்க நாலு, எழுத இரண்டு, உள்ளே நுழைய ஒன்று, கூட்டினால் ஏழு, அது உரிமையாளருக்கு ஒன்று, குழுவுக்கு ஒன்று, ஊரில் உள்ள மற்றவருக்கு ஒன்று. வீட்டைத் திறந்து போட்டுவிட்டுப் பட்டணம் போவதுபோல் ஒரு வைத்தியம். அதுவும் பலிக்கவில்லை. பிறகு சிஎச்ஓன் என்ற கட்டளை போட்டு உரிமையாளரை மாற்றப் பார்த்தால், நிர்வாகி அதிகாரம் தரும் சூடோ போட்டும்கூட 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்' என்கிறது. எல்லா அதிகாரமும் உள்ள ரூட் என்ற யூசருக்கே மாட்டேன் என்கிறதே என்று தலை சுற்றியது. கடைசியில் பார்த்தால் கடையில் வாங்கிய டிஸ்க் எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அமைப்பில் ஃபார்மட் ஆகி வந்திருக்கிறது. அதில் இந்தக் கோப்பு இன்னாருடையது என்று குறித்துவைக்கவே இடம் கிடையாது, மாட்டுகிற நேரத்தில் லினக்ஸ்தான் ஒரு பெயரை மொத்த டிஸ்க்குக்கும் ஒட்டிவிடுகிறது. ஒட்டியது என் பெயரை. நான் எழுத முடிந்ததற்குக் காரணம் அதுதான்.

மூன்றாம் ராத்திரிதான் புத்தி வந்தது. சிங்திங்கை எனக்குப் போட்டுக் கொடுத்தவன் தம்பி மகன், அவன் பாதுகாப்பு என்று சொல்லி அதற்குத் தனியாக ஒரு யூசர் உண்டாக்கி அந்தப் பெயரில்தான் ஓடவிட்டிருக்கிறான். நானோ இரண்டு ராத்திரியாக என் பெயரில் நுழைந்து நுழைந்து சோதித்துக்கொண்டிருக்கிறேன்! வேறொரு யூசர் பெயரில் கட்டளை ஓட்ட சூடோ மைனஸ் யூ என்று போட்டு, அந்த யூசர் பெயரைக் கொடுத்து, அந்த டிஸ்க்கில் டச் கட்டளையால் ஒரு வெற்றுக் கோப்பை உண்டாக்கச் சொன்னேன். உடனே 'பெர்மிஷன் டினைட்'. எனக்கு அவ்வளவு சந்தோஷம், போ. மூன்று நாளில் முதல்முறையாகத் தகராறு என் கண் முன்னால் நடந்தது.

அப்புறம் நேம்-ஐ மைனஸ் எல் என்று ஒரு கட்டளை இருக்கிறது, உனக்குத் தெரியுமா தெரியவில்லை. முழுப் பாதையைக் கொடுத்தால் ஒவ்வொரு படியாக யார் உரிமையாளர், என்ன அனுமதி என்று மேலிருந்து கீழே வரிசையாகக் காட்டும். அதில் தெரிந்துபோயிற்று. டிஸ்க்கைச் சொருகியதும் டெஸ்க்டாப் தானாக அதை மீடியா என்ற ஃபோல்டருக்குள் என் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் மாட்டுகிறது, அந்த என் பெயர் ஃபோல்டருக்குள் ரூட்டும் நானும் தவிர வேறு யாரும் காலே வைக்க முடியாது. டிஸ்க்கில் 777 இருந்தால் என்ன, ஆயிரம் இருந்தால் என்ன, அதற்கு முந்தின வாசலிலேயே ஆள் நின்றுவிடுகிறானே. எங்கள் ஃபிளாட்டில் இப்போது லிப்டுக்கும் கார்டு வைத்துவிட்டார்கள், போன வாரம் வந்த அண்ணி கையில் வீட்டுச் சாவியை வைத்துக்கொண்டு கீழே அரைமணி நேரம் நின்றாள், அந்தக் கதைதான்.

அதனால் எந்த டிஸ்க்கை எங்கே மாட்டுவது என்று லினக்ஸ் பார்க்கிற எஃப்எஸ்டேப் கோப்பில் டிஸ்க்கை எழுதி, எம்என்டி என்ற ஃபோல்டருக்குக் கீழே நிரந்தரமாக ஒரு இடத்தில் மாட்டினேன், யூசர் எண்ணான யூஐடி, குழு எண்ணான ஜிஐடி இரண்டும் சிங்திங் யூசருடையவை, கூடவே நோஃபெயில் என்று ஒரு சொல், இல்லாவிட்டால் டிஸ்க் இல்லாத நாளில் பெட்டி பூட் ஆகாமல் நிற்கலாம். ஃபோல்டர் இருக்கும் இடம் மாறிவிட்டது, அதைச் சிங்திங் தன் திரையில் திருத்த விடாது, ஆகவே ஃபோல்டரை சிங்திங்கிலிருந்து நீக்கிவிட்டு அதே ஐடியோடு புது இடத்தில் மறுபடி சேர்த்தேன். நீக்கினால் கோப்புகள் அழியாது, பயப்படாதே. எக்ஸ்ஃபேட் என்பதால் அனுமதிகளைப் பொருட்படுத்தாதே என்கிற 'இக்னோர் பெர்மிஷன்ஸ்' என்பதையும் தட்டிவிட்டேன். பிறகு கிடுகிடுவென்று வர ஆரம்பித்தது.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். உன்னுடையது வேறு வியாதி. நீ அனுப்பிய படத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன், மற்ற எல்லா ஃபோல்டரும் பச்சையாக இருக்கின்றன, திருவிழா ஃபோல்டருக்குள் இருக்கிற கோப்புகள் மட்டும் சிவப்பு. உன் டிஸ்க் எக்ஸ்ட்-4 என்ற லினக்ஸ் கோப்பு அமைப்பு, அதில் உரிமை ஒவ்வொரு கோப்புக்கும் ஃபோல்டருக்கும் தனித்தனியாக இருக்கும். அந்த ஃபோல்டரை மட்டும் நீ சூடோ போட்டுக் காப்பி பண்ணியிருப்பாய், இல்லை என்று சொல்லாதே, அது ரூட் பெயரில் உட்கார்ந்திருக்கிறது.

கோப்புக்கு எழுத அனுமதி கொடுத்துவிட்டேனே, அப்புறமும் ஏன் என்று கேட்டிருக்கிறாய். நியாயமான கேள்வி, நானும் இடறிய இடம். சிங்திங் பழைய கோப்பின் மேலேயே எழுதுவதில்லை. அதே ஃபோல்டரில் புள்ளியில் ஆரம்பிக்கும் தற்காலிகக் கோப்பு ஒன்றை உண்டாக்கி, துண்டு துண்டாக அதில் சேர்த்து, முழுசாக வந்த பிறகுதான் பெயரை மாற்றிப் பழையதன் இடத்தில் வைக்கிறது. பாதியில் கரண்ட் போனாலும் பழைய கோப்பு கெடாது. ஆனால் புதுக் கோப்பு உண்டாக்கவும், பெயர் மாற்றவும், அழிக்கவும் வேண்டியது அந்த ஃபோல்டரில் எழுதும் உரிமை, கோப்பில் இருக்கிற உரிமை இங்கே செல்லாது. ஆகவே சூடோ சிஎச்ஓன், உள்ளே இருப்பதெல்லாம் சேர மாற மைனஸ் பெரிய ஆர், சிங்திங் எந்த யூசரில் ஓடுகிறதோ அந்தப் பெயர், திருவிழா ஃபோல்டரின் பாதை, அவ்வளவுதான். எந்த யூசர் என்று ஊகிக்காதே, ஓடுகிற வேலைகளைப் பட்டியலிடும் பிஎஸ் ஏயூஎக்ஸ் போட்டால், சிங்திங் வரியின் முதல் சொல்லாகவே தெரியும். 777 வேண்டாம்.

சிங்திங்கையே சூடோவில் ஓட்டிப் பார்க்கலாமா என்று மட்டும் நினைக்காதே. அன்றைக்கு வேலை நடந்தாலும், அது எழுதுகிற கோப்பெல்லாம் ரூட் பெயரில் போய், மறுநாள் சாதாரணமாக ஓடும்போது தான் எழுதியதையே தன்னால் தொட முடியாமல் நிற்கும். இன்னொன்று, ஃபோல்டருக்குள் புள்ளி-எஸ்டி-ஃபோல்டர் என்று ஒன்று கிடக்கும், குப்பை என்று அழித்துவிடாதே. டிஸ்க் மாட்டாத நாளில் அது கண்ணில் படாததால்தான் சிங்திங் வேலையை நிறுத்திக்கொள்கிறது. இப்படி அடையாளம் பார்க்கும் காவல் இல்லையென்றால், டிஸ்க் மாட்டாத நாளில் நீ எல்லாவற்றையும் அழித்துவிட்டாய் என்று எண்ணி என் பக்கமும் அழிக்கப் பார்க்கும்.

எனக்கு முதலில் வந்த கோப்பு எது தெரியுமா? லயத்து மாரியம்மன் திருவிழாவில் உங்கப்பா மைக் பிடித்து, செருப்பைக் கொட்டகைக்கு வெளியே விடச் சொல்லிக் கத்துகிற அந்த ஒலிக்கோப்பு. இரண்டு தடவை கேட்டேன். அவள் அடுப்படியிலிருந்து யாரது என்று எட்டிப் பார்த்தாள்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு வருகிறாயா இல்லையா, சொல்லு, ரயில் டிக்கெட்டை முன்னமே எடு. இன்றைக்கு ராத்திரி எட்டு மணிக்கு மேல் போன் பண்ணு, கட்டளையை நீ தட்டு, நான் கூடவே இருக்கிறேன். அதுவரை அந்த டிஸ்க்கைக் கழற்றாதே.

உன்
மச்சான்