ஆலய முன்தளத் திருப்பணி: அடியார்களுக்கு ஒரு வேண்டுகோள்

முருகன் அடியார்களே,

செப்டெம்பர் 15-க்குள் இன்னும் 18,500 டொலர் சேராவிட்டால், இவ்வருடச் சூரன்போரை வாகனத் தரிப்பிடத்தில்தான் நடத்த வேண்டிவரும். வாசலில் உள்ள மரத்தளத்தின் தாங்குசட்டங்கள் உக்கிவிட்டன. நிலம் உறைவதற்குள் நான்கு அடி ஆழத்தில் புதிய தூண்களை இறக்கியாக வேண்டும்.

இத்தளம் 1998-இல் எமது மூத்தோர் தம் கைகளாலேயே அமைத்தது. ஸ்காபரோ தொழிற்சாலைகளில் இரவு வேலை முடித்து வந்தவர்கள், உறங்கப் போகாமல் பலகை அறுத்தார்கள். தச்சு வேலை தெரிந்தவர் அவர்களில் ஒருவர்தான். மற்றையோர் ஊரில் ஆசிரியர்களாகவும் கணக்கர்களாகவும் இருந்தவர்கள். இத்தனை பனிக்காலங்களை அது தாங்கியது அவர்களது வைராக்கியத்தால்தான். மருந்தேற்றிய மரத்துக்கும் அதில் சிறு பங்குண்டு.

மரமே போதாதா என்று அந்தப் பெரியோரே கேட்கிறார்கள். 1,200 சதுர அடிக்கு மரம் 38,400 டொலர். நாம் தெரிவு செய்த, பிளாஸ்டிக் கலந்த கொம்போசிட் பலகை 62,400 டொலர். “பிளாஸ்டிக்கில் நின்றா சாமி கும்பிடுவது?” என்றார் ஒருவர். ஐயா, அதில் ஏறத்தாழப் பாதி மரத்தூள். வெறுங்காலில் சிலாம்பு ஏறாது, சாயம் பூசும் செலவும் இல்லை. வெயிலில் மரத்தைவிடச் சூடாகும் என்பது உண்மை. அதனால் வெளிர் நிறத்தைத் தெரிவு செய்தோம். நெய்யும் குங்குமமும் ஊறாதபடி நாற்புறமும் உறையிட்ட பலகையே வாங்குகிறோம். ஆனால் நெருப்புப் பட்டால் உருகும். கர்ப்பூரத்துக்கும் சிதறுதேங்காய்க்கும் தனிக் கல்மேடை அமையும். தளத்தில் கொளுத்த வேண்டாம். வீடுகளுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் தருபவர்கள் பொது இடத்துக்கு 10 ஆண்டே தருகிறார்கள் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

இதுவரை 43,900 டொலர் தந்த உபயகாரர்களுக்கு எமது சிரந்தாழ்ந்த நன்றி. ஓய்வூதியத்தில் மாதம் 20 டொலர் ஒதுக்கும் அம்மாமார், பிறந்தநாள் காசை உண்டியலில் போட்ட பிள்ளைகள், மடைப்பள்ளியில் வடை சுட்டு விற்ற மகளிர், கோடை முழுவதும் கார் கழுவிய இளைஞர் ஆகிய அனைவருக்கும் வேலவன் அருள் கிட்டுக.

பொதுக்கூட்டத்தில் நன்கொடை தருவதாகக் கையுயர்த்தி வாக்களித்தும் இன்னும் தராத குடும்பங்கள் 23. பெயர் சொல்வது எமது நோக்கமன்று. ஆனால் உயர்ந்த கைகளைச் சபை முழுவதும் பார்த்தது. இரண்டாயிரம் டொலருக்குக் கேக் வெட்டுவோருக்கு ஒரு சதுர அடி, 52 டொலர், பெரிதா?

காசோலைகளை வெள்ளிக்கிழமை பூசைக்குப் பின் ஆலய அலுவலகத்தில் கொடுத்து, வரிக்கழிவுக்கான பற்றுச்சீட்டைக் கையோடு பெற்றுக்கொள்ளுங்கள்.

ஆலய பரிபாலன சபை