கதவில் துப்பாக்கிக்குத் தடை, கடைக்குள் அனுமதி: உங்கள் ப்ளேனோ கிளை பற்றிய புகார்

பெறுநர்: உரிமையாளர்கள் மற்றும் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
நாள்: 4 நவம்பர் 2024
பொருள்: கடைக்குள் ஒருவர் வெளிப்படையாகத் துப்பாக்கியுடன் இருந்தும் நிர்வாகம் தலையிடாதது, வாங்க முடியாமல் போன தீபாவளிப் பெட்டிகளுக்கான முன்பணம்

வணக்கம்.

ஒன்பது வருடமாக டெக்சஸில் உள்ள உங்கள் ப்ளேனோ கிளையில் சாமான் வாங்குகிறேன். இட்லி அரிசியிலிருந்து வெற்றிலை வரை எங்கள் வீட்டுக்கு உங்கள் கடைதான். உரிமையாளர்கள் தமிழர்கள் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன். இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்கக் கூடாது என்று ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் உங்கள் சேவைப் பிரிவிலிருந்து வந்த இரண்டு வரிப் பதிலைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

அக்டோபர் 26, சனிக்கிழமை மாலை ஆறு மணி. தீபாவளிக்கு ஐந்து நாள் இருந்ததால் நல்ல கூட்டம். கும்பகோணத்திலிருந்து வந்திருக்கும் என் அம்மாவும், ஏழு வயது மகளும் என்னோடு இருந்தார்கள். மளிகை வாங்கிக்கொண்டு, முன்பதிவு செய்திருந்த பன்னிரண்டு பலகாரப் பெட்டிகளையும் எடுத்துப்போகத்தான் வந்திருந்தோம்.

பில்லிங் வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றவரின் வலது இடுப்பில் கைத்துப்பாக்கி இருந்தது. சட்டையை உள்ளே விட்டு, பெல்ட்டில் கறுப்பு பிளாஸ்டிக் உறை மாட்டி, அதில் செருகியிருந்தார். உறைக்கு மேல் வாரோ மூடியோ என் கண்ணுக்குத் தெரியவில்லை. பிடி முழுசாக வெளியே இருந்தது. என் மகள் நின்ற உயரத்துக்கு அது சரியாக அவள் கண் மட்டம். அவர் குனிந்து கார்ட்டின் அடித்தட்டிலிருந்து இருபது பவுண்டு அரிசி மூட்டையைத் தூக்கியபோது பிடி பின்பக்கம் தள்ளிக்கொண்டு வந்து எங்கள் கார்ட்டில் இடிக்கப் பார்த்தது. பக்கத்து வரிசையில் கார்ட்டில் உட்கார்ந்திருந்த ஒரு கைக்குழந்தை அதைப் பார்த்துக் கையை நீட்டியது. அந்தத் தாய் சட்டென்று கார்ட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"மஃப்டி போலீஸா?" என்று அம்மா என் காதருகில் கேட்டார். இல்லை என்றேன். "பின்ன?" என்றார். எழுபது வயதில் அவர் துப்பாக்கியைக் கிட்டத்தில் பார்த்திருப்பதெல்லாம் பேங்க் வாசலிலும் நகைக்கடை வாசலிலும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளியின் மடியில்தான். அவரிடம் வரிசையில் நின்றபடி டெக்சஸ் சட்டத்தை விளக்க எனக்கு வாய் வரவில்லை.

பில் போட்ட பெண்ணுக்கு இருபது வயதிருந்தால் அதிகம். அவளும் பார்த்துவிட்டாள். கொத்தமல்லிக் கட்டுக்கான எண்ணை மூன்று முறை தப்பாக அடித்தாள். எங்கள் முறை வந்ததும், கடைக்குள் துப்பாக்கி கொண்டுவரலாமா என்று மெதுவாகக் கேட்டேன். "கூடாதுக்கா. ஆனா பார்த்தா நாங்க எதுவும் பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றாள்.

அவர் பணம் கட்டிவிட்டு வெளியே போகவில்லை. உங்கள் டிபன் பகுதியில் போய் உட்கார்ந்து காபி வாங்கினார். பலகாரப் பெட்டிகளைக் கொடுக்கும் கவுண்டரும் அங்கேதான் இருக்கிறது. அம்மாவையும் குழந்தையையும் காரில் உட்காரவைத்துவிட்டு, நான் மட்டும் திரும்பி வந்து மேனேஜரைப் பார்த்தேன். "அவர் ரெகுலர் கஸ்டமர் மேடம், ரொம்ப நல்ல மனுஷன், ஒண்ணும் ஆகாது" என்றார். அப்படியென்றால் கதவில் எதற்குப் போர்டு என்று கேட்டேன். "அது இன்சூரன்ஸுக்காக வெச்சது" என்றார்.

இந்தக் கடிதம் முழுக்க அந்த ஒரு பதிலைப் பற்றித்தான்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். என் புகார் அந்த மனிதர் மேல் இல்லை. அவர் யாரையும் மிரட்டவில்லை, குரல் உயர்த்தவில்லை. தனக்குப் பின்னால் ஒரு தயிர் டப்பாவோடு நின்ற பெரியவரை முன்னால் போகச் சொன்னார். மேனேஜர் சொன்னது போல நல்ல மனிதராகவே இருக்கலாம். அவர் எந்த ஊர்க்காரர், என்ன நிறம் என்பதை வேண்டுமென்றே எழுதாமல் விடுகிறேன். இந்தப் புகாருக்கு அது தேவையில்லை. துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாரும் தப்பானவர்கள் என்ற எண்ணமும் எனக்குக் கிடையாது. எங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் இருக்கிறது. பனிப்புயலில் கரண்ட் போனபோது முதலில் கதவைத் தட்டி விசாரித்தவர் அவர்தான்.

டெக்சஸில் 2016 ஜனவரி 1 முதல் லைசென்ஸ் உள்ளவர்கள் கைத்துப்பாக்கியை வெளியே தெரியும்படி மாட்டிக்கொண்டு போகலாம். 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பி, வேறு சட்டத் தடை எதுவும் இல்லாதவர்களுக்கு அந்த லைசென்ஸும் தேவையில்லை. சரி, அது இந்த மாநிலத்தின் சட்டம். ஆனால் அதே சட்டம் கடைக்காரருக்கும் ஓர் உரிமை கொடுத்திருக்கிறது: "என் இடத்துக்குள் வேண்டாம்" என்று சொல்லும் உரிமை. நீங்கள் அப்படிச் சொல்லியிருக்கிறீர்கள் என்று நம்பித்தான் இத்தனை வருடம் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை கடை திறப்பதற்கு முன் வந்து உங்கள் கதவுகளைப் பார்த்தேன். முன்வாசலில் 30.07 போர்டு இருக்கிறது, அதாவது வெளிப்படையாகத் துப்பாக்கி கொண்டுவரத் தடை என்று சொல்லும் சட்டப்படியான பலகை. 2016இல் சட்டம் வந்தபோது வைத்ததாக இருக்கும், ஓரமெல்லாம் வெளுத்துவிட்டது. அதன் கீழ்ப்பாதியை, அதாவது ஸ்பானிஷ் வாசகத்தை, மூன்று நோட்டீஸ்கள் மூடியிருக்கின்றன: ஒரு கச்சேரி, வருமான வரி தாக்கல் செய்து தருகிறவரின் விளம்பரம், ஊருக்குப் பணம் அனுப்பும் சேவை ஒன்று. கச்சேரி நடந்து முடிந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. பக்கத்தில் துப்பாக்கிப் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்ட உள்ளங்கை அளவு ஸ்டிக்கர், முழங்கால் உயரத்தில். டிபன் பகுதிக்குப் போகும் பக்கவாசலில் எதுவுமே இல்லை.

சட்டம் கேட்பது வேறு. 30.07 பலகையில் சட்டத்தில் உள்ள வாசகம் அப்படியே, ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், பின்னணியிலிருந்து பிரிந்து தெரியும் நிறத்தில், குறைந்தது ஒரு அங்குல உயர எழுத்துகளில் இருக்க வேண்டும். ஒவ்வொரு நுழைவாயிலிலும், வருகிறவர் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். அதோடு, அந்தப் பலகை லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் பொருந்தும். லைசென்ஸ் இல்லாமல் எடுத்து வருகிறவர்களுக்கு 30.05 என்று தனி வாசகம் இருக்கிறது. மூன்று வருடம் ஆகியும் அதை நீங்கள் வைக்கவே இல்லை. அன்று வந்தவர் எந்த வாசல் வழியாக வந்தார், லைசென்ஸ் வைத்திருந்தாரா என்று எனக்குத் தெரியாது. பக்கவாசலில் வந்திருந்தால், உங்கள் கடையில் தடை இருக்கிறது என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

நான் கேட்பது கஷ்டமான விஷயமும் இல்லை. பலகையை மீறி நுழைவது, 200 டாலருக்கு மிகாத அபராதத்தோடு முடியும் சின்னக் குற்றம். ஆனால் கடைக்காரர் நேரில் வாயால் சொல்லியும் போக மறுத்தால் அது ஏ வகுப்புக் குற்றமாகிவிடும். ஒரு வருடம் வரை சிறை, 4,000 டாலர் வரை அபராதம். அதே நேரம், லைசென்ஸ் உள்ளவர் சொன்னவுடன் கிளம்பிவிட்டால் அதுவே அவருக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பு. ஆக, உங்கள் மேனேஜர் அருகில் போய், "சார், இங்கே துப்பாக்கிக்கு அனுமதி இல்லை. காரில் வைத்துவிட்டு வாங்க, காபி சூடாகவே எடுத்து வைக்கிறேன்" என்று சொல்லியிருந்தால் போதும். நல்ல மனிதர் என்று மேனேஜரே சொல்கிறாரே, நல்ல மனிதரிடம் இதைச் சொல்ல என்ன தயக்கம்?

இந்த ஊரில் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. உங்கள் கடையிலிருந்து காரில் கால் மணி நேரத் தூரத்தில் இருக்கிறது ஆலன் அவுட்லெட் மால். 2023 மே 6ஆம் தேதி, அதுவும் ஒரு சனிக்கிழமை, அங்கே எட்டுப் பேரைச் சுட்டுக் கொன்றான் ஒருவன். இறந்தவர்களில் குழந்தைகள் இருந்தார்கள். இந்தியாவிலிருந்து வந்து இங்கே வேலை பார்த்த ஓர் இளம் பொறியாளரும் இருந்தார். அன்று எங்கள் தெருவில் எத்தனை பேர் ஒருவருக்கொருவர் போன் போட்டு "வீட்லதானே இருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டோம்! உங்கள் கடை வாசலில்கூட மெழுகுவத்தி ஏற்றி வைத்திருந்தீர்கள். நானும் வந்து நின்றேன்.

கொல்ல வருகிறவனைப் பலகை தடுக்காது என்பது எனக்கும் தெரியும். பலகையின் பயன் வேறு. இடுப்பில் துப்பாக்கியோடு ஒருவர் உள்ளே வந்தால், பில் போடும் பெண்ணாலோ என்னாலோ அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்ல முடியாது. போலீஸாலேயே முடியவில்லை. 2016 ஜூலை 7 அன்று டாலஸில் ஐந்து காவலர்களை ஒருவன் சுட்டுக் கொன்றபோது, அங்கே நடந்த ஊர்வலத்தில் இருபது முப்பது பேர் ரைஃபிளோடு வந்திருந்ததாக அன்றைய காவல்துறைத் தலைவர் டேவிட் பிரவுன் சொன்னார். எல்லாரும் சுட ஆரம்பித்தால் யார் நல்லவர், யார் கெட்டவர் என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்றும் கேட்டார். சட்டப்படி ரைஃபிள் ஏந்தி வந்திருந்த ஒரு அப்பாவியின் படத்தை, சந்தேகப்படும் நபர் என்று காவல்துறையே ட்விட்டரில் போட்டது. பிறகு விசாரித்து விட்டுவிட்டார்கள். உங்கள் ரெகுலர் கஸ்டமருக்கு அப்படி ஒரு நிலைமை வராமல் இருக்கவும்தான் கேட்கிறேன்.

பெரிய கடைகள் வியாபாரம் போய்விடும் என்று பயந்து சும்மா இருக்கவில்லை. எல் பாசோவில் வால்மார்ட் கடையில் 23 உயிர்களைப் பறித்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, 2019 செப்டம்பர் 3 அன்று வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்தி வரவேண்டாம் என்று வால்மார்ட் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. அதே நாளில் க்ரோகரும் கேட்டுக்கொண்டது. ஹெச்-இ-பி 2016லிருந்தே அனுமதிப்பதில்லை. அந்தக் கடைகளுக்கெல்லாம் ஆட்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

உங்களிடம் கேட்பது இவைதான். இரண்டு வாசலிலும் 30.05, 30.07 பலகைகளை முறையாக வையுங்கள்; நோட்டீஸ் ஒட்ட வேறு இடம் கொடுங்கள். யாராவது துப்பாக்கியோடு வந்தால் அவரிடம் பேச வேண்டியது மேனேஜர் என்று எழுத்தில் வையுங்கள். மறுத்தால் போலீஸைக் கூப்பிட வேண்டியதும் அவர்தான். கல்லூரிக்குப் போய்க்கொண்டே பகுதிநேரம் வேலை பார்க்கும் பிள்ளைகள் தலையில் அதைக் கட்டாதீர்கள். அதே சமயம், பார்த்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதாவது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். "எதுவும் பேசாதே" என்பது பாதுகாப்பு விதி ஆகாது. இன்னொன்று, என்னிடம் பதில் சொன்ன அந்தப் பெண்மேல் இதற்காக ஒரு வார்த்தைகூட வரக்கூடாது. அதனால்தான் எந்தக் கவுண்டர் என்று எழுதவில்லை.

ஒருவேளை துப்பாக்கியை அனுமதிப்பதுதான் உங்கள் முடிவென்றால், அதுவும் உங்கள் உரிமை. ஆனால் அப்போது போர்டைக் கழற்றிவிடுங்கள். தெரிந்துகொண்டு நான் வேறு கடை பார்த்துக்கொள்கிறேன்.

அப்புறம் முன்பணம். பன்னிரண்டு பெட்டிக்கு 90 டாலர் கட்டியிருந்தேன். அன்று இரவு எட்டு மணிக்குள் எடுத்துக்கொள்ளாததால் பணம் திரும்பக் கிடையாது என்று உங்கள் சேவைப் பிரிவு எழுதியிருக்கிறது. எடுக்க வந்தேன், கவுண்டருக்குப் பத்தடி தூரத்தில் நின்று உங்கள் மேனேஜரிடம் பேசியும் இருக்கிறேன். அவர் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்த மேசையைத் தாண்டிப் போய்ப் பெட்டி வாங்க எனக்குத் தைரியம் வரவில்லை என்பதுதான் காரணம். தீபாவளிக்கு அம்மா இரண்டு நாள் உட்கார்ந்து முறுக்கு பிழிந்தார். அந்த 90 டாலரை நவம்பர் 18க்குள் என் கார்டுக்கே திருப்பி அனுப்புங்கள். மற்றவற்றுக்கு உரிமையாளர்களில் ஒருவரிடமிருந்து எழுத்தில் பதில் வேண்டும்.

முன்பணம் கட்டிய ரசீதையும், இரண்டு வாசல்களிலும் எடுத்த நான்கு படங்களையும் இணைத்திருக்கிறேன். தொலைபேசி எண் உங்கள் ரிவார்ட்ஸ் கணக்கில் இருக்கிறது. மாலை ஐந்துக்கு மேல் கூப்பிடலாம்.

இப்படிக்கு,
உங்கள் ப்ளேனோ கிளை வாடிக்கையாளர்