பாலிசியைக் கேட்டால் என்ன தப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடலடிச் சாகசம் பற்றிய கட்டுரை அருமை. ஆனால் 40 மீட்டருக்குக் கீழே இறங்குவதைச் சாதாரண ஸ்கூபாவின் (சிலிண்டர் காற்றைச் சுவாசித்து முக்குளிப்பதன்) அடுத்த படி போல எழுதியிருந்தது உறுத்தியது.

40 மீட்டரில் அழுத்தம் தரைமட்டத்தைவிட ஐந்து மடங்கு. ஒவ்வொரு மூச்சும் சிலிண்டரை ஐந்து மடங்கு வேகமாகக் காலி செய்யும். அதற்கு முன்பே, 30 மீட்டர் வாக்கில், நைட்ரஜன் மயக்கம் தலைகாட்டும்; அழுத்தத்தில் சுவாசிக்கும் நைட்ரஜன் போதைபோல மூளையை மந்தமாக்கிவிடும். எனக்கு ஒருமுறை மணிக்கட்டுக் கருவியில் இருந்த எண்ணை மூன்று தடவை படித்தும் புத்தியில் ஏறவில்லை. அதனால்தான் இன்னும் ஆழம் போகிறவர்கள் ஹீலியம் கலந்த டிரைமிக்ஸைச் சுவாசிக்கிறார்கள். நினைத்தவுடன் மேலே வரவும் முடியாது; உடலில் கரைந்த வாயு மெல்ல வெளியேற, வழியில் நின்று நின்றுதான் வர வேண்டும். அந்த வாயுவை வெளியேற்ற 6 மீட்டரில் உதவுகிற அதே தூய ஆக்சிஜனை 20 மீட்டரில் தவறி வாயில் வைத்தால் வலிப்பு வரலாம்.

ஐஎஸ்ஓ 24802 பொழுதுபோக்கு ஸ்கூபா பயிற்றுநர்களுக்கான தரம். அந்தத் தகுதி மட்டும் இருந்தால் டிரைமிக்ஸ் சொல்லித்தரலாம் என்று அர்த்தமில்லை. விபத்துக்கு இழப்பீடு தர பயிற்றுநர் எடுத்து வைக்கும் பொறுப்புக் காப்பீடும் அப்படியே. தகுதியில்லாத ஆழத்தில் பயிற்சி கொடுத்து விபத்து நடந்தால், காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்க இடமுண்டு.

சேரவிருந்த ஒரு வகுப்பில் பயிற்றுநரின் காப்பீட்டு பாலிசியைக் காட்டச் சொன்னேன். “என்மேல நம்பிக்கை இல்லையா சார்?” என்றார் பயிற்றுநர். நம்பிக்கைக்கும் அதற்கும் என்ன சம்பந்தமோ! முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த முறை இப்படிக் கட்டுரை வரும்போது, பாலிசியில் உள்ள ஆழ வரம்பைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள் என்று ஒரு பெட்டிச் செய்தியாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு முக்குளிப்பு ஆர்வலர்