யானைகள் யாருக்கு?

நாட்டிங்ஹாம்
12 அக்டோபர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பேத்தி உன்னோடு கேரம் ஆட மறுக்கிறாள் என்றும், "தாத்தா ஒன்று ஜெயிப்பார், இல்லையென்றால் வேண்டுமென்றே தோற்பார்" என்று காரணம் சொன்னாள் என்றும் எழுதியிருந்தாய். படித்ததும் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் உறுத்தவும் செய்தது. அதே குற்றச்சாட்டை, கொஞ்சம் மரியாதையான சொற்களில், நானும் இங்கே கேட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்த நேரம் அது. அந்தக் கணக்கு ஓரளவு நேராகட்டும், பிறகு பதில் எழுதலாம் என்று காத்திருந்தேன்.

பொம்மைப் படைகளை மேசையில் நிறுத்திப் போர் ஆடும் என் பழக்கம் உனக்குத் தெரியும். நம் ஊரில் சொன்னால் சந்தேகமாகப் பார்ப்பார்கள். இங்கே அது சாதாரணம். வார்ஹாமர் ஆட்டத்தைத் தயாரிக்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் தலைமையகமே இந்த ஊரில்தான் இருக்கிறது. ஆனால் விண்வெளி வீரர்களும் அரக்கர்களும் என்னை ஈர்த்ததில்லை. நான் ஆடுவது 'டி பெல்லிஸ் ஆன்டிக்விடாடிஸ்' என்ற, பண்டைக்காலப் போர்களுக்கான விதிமுறை. பில் பார்க்கரும் அவருடைய கூட்டாளிகளும் 1990இல் வெளியிட்டது. ஒவ்வொரு பக்கமும் 12 பிரிவுகள் மட்டுமே, 15 மி.மீ. பொம்மைகளுக்கு இரண்டடிக்கு இரண்டடிப் பலகை போதும், ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நம் முறை வரும்போது ஒரு பகடையை உருட்ட வேண்டும்; விழும் எண் எத்தனையோ அத்தனை நகர்த்தல்கள்தான் நமக்கு. ஒன்று விழுந்தால், எல்லாப் பக்கமும் தீப்பற்றி எரிந்தாலும், ஒரே ஒரு கட்டளை. அனுபவமுள்ளவன் அந்த ஒன்றை வைத்துக்கொண்டு சமாளிப்பான், புதியவர் தவித்துப்போவார்.

என்னோடு ஆடத் தொடங்கியவர் எங்கள் அலுவலகத்தில் வேலை பார்க்கும் கும்பகோணத்துக்காரர், என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர், என்னை 'அண்ணா' என்று கூப்பிடுபவர். வீட்டுக்கு வந்தபோது அலமாரியில் நின்ற யானைகளைப் பார்த்துவிட்டு, ஒருமுறை ஆடலாமா என்று அவராகவே கேட்டார். கி.மு. 326இல் ஜீலம் ஆற்றங்கரையில் அலெக்சாந்தரும் போரஸும் மோதிய போரை மேசையில் விரித்தேன். யானைகளைத் தானே நடத்துவேன் என்றார். நானும் சரி என்றேன். அது என் முதல் பிழை என்பது அன்று உறைக்கவில்லை.

ஏன் பிழை என்றால், யானைதான் புதியவருக்குக் கொடுக்கக்கூடாத படை. அதை நகர்த்த, பகடையில் விழுந்த நகர்த்தல் புள்ளிகளில் கூடுதலாக ஒன்று செலவாகும். மோதலில் பகடையோடு கூட்டிக்கொள்ளும் பலத்தின் எண்ணில் பெரியதாக இருந்தாலும் அதற்கென்று ஒரு சாபம் உண்டு. மோதலில் தோற்ற பிரிவு பெரும்பாலும் பின்வாங்கும், எதிரி எடுத்த மொத்தம் தன்னுடையதைப் போல் இரட்டிப்பானால்தான் அழியும். யானையோ கைவேல் வீசும் இலகுப்படையிடம் ஓர் எண்ணில் தோற்றாலும் மேசையை விட்டே போய்விடும். வரலாற்றிலும் மாசிடோனிய வேல்வீரர்கள் பாகன்களைத்தான் முதலில் குறிவைத்தார்கள், எனவே விதியில் நியாயம் இருக்கிறது. இதையெல்லாம் நான் அவரிடம் சொல்லவில்லை. ஆடும்போது தெரிந்துகொள்வார் என்று நினைத்தேன். முப்பத்தைந்து நிமிடத்தில் அவருடைய நான்கு பிரிவுகள் போயின, என்னுடையது ஒன்றும் போகவில்லை; நான்கு போனால் ஆட்டம் முடிந்தது. "நன்றாக இருந்தது அண்ணா" என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். பிறகு ஒரு மாதம் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இரண்டாம் ஆட்டத்துக்கு நான்தான் வற்புறுத்தி அழைத்தேன். இந்த முறை அவர் ஜெயிக்கட்டும் என்று முடிவு செய்துகொண்டு, என் குதிரைப்படையை வேண்டாத இடத்தில் கொண்டுபோய் நிறுத்தி, பக்கவாட்டைத் திறந்துவிட்டு, "அடடா, கவனிக்கவில்லையே" என்று நாடகமும் ஆடினேன். அவர் ஜெயித்தார். பொம்மைகளைப் பெட்டியில் அடுக்க உதவிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், "அண்ணா, போன தடவை இதே இடத்தில் இதே குதிரையை நீங்கள் இப்படி விடவில்லையே" என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. முதல் நாள் தோல்வியை அவர் பொறுத்துக்கொண்டார். இந்த வெற்றியைப் பொறுத்துக்கொள்ளவில்லை. உன் பேத்தி சொன்னதை இங்கே பொருத்திப் பார்.

அன்றிரவு எனக்கு உன் பாட்டியின் நினைவு வந்தது. திண்ணையில் சாக்பீஸால் கோடு போட்டு நம் இருவருக்கும் ஆடுபுலி ஆட்டம் கற்றுக்கொடுத்தாரே, மூன்று புலிக்குப் பதினைந்து ஆடு. ஒருபோதும் ஆட்டை வீணாகப் பலி கொடுத்ததில்லை. அதற்குப் பதில், பாதி ஆட்டத்தில், நாம் அழும் நிலைக்கு வந்ததும், "இப்போ நான் ஆடு, நீ புலி" என்று இடம் மாறி உட்கார்ந்துவிடுவார். நாம் கெடுத்து வைத்த நிலையிலிருந்து அவர் ஆடுவார். சில நேரம் அப்போதும் ஜெயிப்பார். விட்டுக்கொடுத்தது எவ்வளவு என்பது நம் கண்ணுக்கு முன்னாலேயே இருந்ததால், அதில் ஏமாற்று எதுவும் இல்லை.

மூன்றாம் ஆட்டத்தில் அதையே செய்தேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். இனி நான் விட்டுக்கொடுப்பது எதுவாக இருந்தாலும் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே வாய்விட்டுச் சொல்லிவிடுவதாக ஒப்புக்கொண்டேன். யானைகளை நான் எடுத்துக்கொண்டு, மாசிடோனியரை அவருக்குக் கொடுத்தேன். நெடுவேல் அணி முழுவதும் ஒரே வரிசையாகச் சேர்ந்து நின்றால் ஒற்றைப் புள்ளியில் நகரும் என்பதால், பகடை மோசமாக விழுந்தாலும் அவர் செய்வதற்கு ஏதாவது இருக்கும். மோதலுக்கான பகடை உருளும்வரை எந்த நகர்த்தலையும் அவர் திரும்பப் பெறலாம், நான் பெறக்கூடாது. நகர்த்தலுக்கான பகடையை ஆட்டத்துக்கு ஒருமுறை அவர் மறுபடி உருட்டலாம். நான்கு சுற்று முடிந்ததும் பக்கம் மாறுவோம். பக்கம் மாறியபோதுதான் எனக்கு வேடிக்கை தெரிந்தது: என் கையால் ஒழுங்காக அடுக்கிய வில்லாளிகள் அவரிடம் போய்விட, நடுவில் ஓட்டை விழுந்த அவருடைய வேல் வரிசையை வைத்துக்கொண்டு நான் முழித்தேன். அவரோ தான் விட்ட ஓட்டையை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்து, "இது இவ்வளவு பெரிதாகவா தெரிந்தது!" என்று தலையில் கை வைத்தார். நான் பத்து முறை விளக்கியிருந்தாலும் அது அவருக்குப் புரிந்திருக்காது. அந்த ஆட்டத்தில் நான்தான் ஜெயித்தேன், மூச்சுவாங்க.

இன்னும் தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது, அது என் வாய். அவர் ஒரு பிரிவைத் தொட்டதும் "அங்கே வேண்டாம்" என்று வந்துவிடும். அப்படிச் சொல்லிக்கொண்டே போனால் இரண்டு பக்கமும் நானே ஆடுவதாகவும், அவர் எனக்குப் பகடை உருட்டிக் கொடுக்கும் ஆளாகவும் ஆகிவிடும். இப்போது ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன்: அவர் கேட்டால் மட்டும் சொல்வது, அதிலும் என்ன செய்யலாம் என்று சொல்லாமல் வாய்ப்பு எவ்வளவு என்று மட்டும் சொல்வது. இலகுப்படை யானையைவிட மூன்று எண் பின்தங்கி நின்றால், இரு பகடையின் 36 சேர்க்கைகளில் 3இல்தான் வெல்லும். யானையின் ஒரு பக்கம் இன்னொரு பிரிவு வந்து ஒட்டினால் யானைக்கு ஒன்று குறைந்து அது 6 ஆகும். இரு பக்கமும் ஒட்டினால் 10. இந்த மூன்று எண்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன், அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. நான்காம் ஆட்டத்தில் என் யானையின் இரு பக்கமும் அவருடைய ஆட்கள் வந்து நின்றதைப் பார்த்தபோது, தாளைக் கொடுத்திருக்கவே வேண்டாம் என்று தோன்றியது. யானை போனது. அதன் பின்னால் ஆட்டமும் போனது. இந்த முறை நான் நாடகம் ஆடவில்லை என்பது என் முகத்திலேயே தெரிந்திருக்கும்.

இதைச் சொல்ல மறந்தேன்: தொடக்கத்தில் பொம்மைகளைத் தொடவே அவர் பயந்தார். தவறு என்னுடையதுதான், அடித்தட்டைப் பிடியுங்கள், வேல்முனையைப் பிடிக்காதீர்கள் என்று முதல் நாளே அவ்வளவு படுத்தியிருந்தேன். அதற்குப் பரிகாரமாகத் தீட்டாத யானை ஒன்றை அவரிடம் கொடுத்து, உங்கள் இஷ்டத்துக்கு வண்ணம் அடியுங்கள் என்றேன். திரும்பக் கொண்டுவந்தபோது அதன் துதிக்கையிலும் காதோரத்திலும் இளஞ்சிவப்புப் புள்ளிகள் இருந்தன, கோயில் யானைக்கு இருப்பதைப் போலவே. பதினைந்து வருடமாக நான் என் யானைகளுக்கெல்லாம் வெறும் சாம்பல் நிறத்தை அடித்து வைத்திருக்கிறேன். அதன் பக்கத்தில் இப்போது என்னுடையவை எல்லாம் சிமெண்டு யானைகளாகத் தெரிகின்றன. ஒவ்வொன்றாக எடுத்துத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

வருகிற சனிக்கிழமை அவர் போரஸின் பக்கம் நின்று ஆடப்போகிறாராம். யானைகளைத் திருப்பிக் கேட்கிறார், மறுபடி உருட்டும் சலுகை வேண்டாம் என்கிறார்; திரும்பப் பெறும் சலுகையை மட்டும் வைத்துக்கொள்கிறார். உடனே ஒப்புக்கொள்ளாமல் யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன், அவருக்காக அல்ல, எனக்காக. உன் பேத்தியிடம் பக்கம் மாறி ஆடும் யோசனையைச் சொல்லிப் பார். கேரத்தில் அது எப்படி அமையும் என்று எனக்குப் புலப்படவில்லை, அவளே ஒரு வழி சொல்வாள். என்ன சொன்னாள் என்று எழுது. டிசம்பரில் வரும்போது நம் திண்ணையின் ஆடுபுலிக் கோட்டை, நினைவிருந்தால், ஒரு தாளில் வரைந்து எடுத்து வா. எனக்கு முக்கோணம் வரைதான் வருகிறது, குறுக்குக் கோடுகள் எத்தனை என்பதில் குழப்பமாக இருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்