புடவை வேண்டாம், துணி தாருங்கள்

காவிரிப் படுகையின் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத் தலைவர்களுக்கும் மேலாளர்களுக்கும்,

வணக்கம். கும்பகோணத்தில் நாடக உடை தைத்து வாடகைக்கு விடுகிறவன் எழுதுகிறேன். உங்களில் சிலருக்கு என் முகம் தெரிந்திருக்கும். ஷோரூமுக்கு வந்து, புடவையைப் பிரிக்கச் சொல்லி, கரையையும் முந்தானையையும் ஒதுக்கிவிட்டு உடல் பகுதியை மட்டும் விரலில் தேய்த்துப் பார்த்து, கடைசியில் ஒன்றும் வாங்காமல் எழுந்து போகிற ஆள் நான்தான். அதற்காக முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். ஏன் அப்படிச் செய்கிறேன் என்று சொல்லத்தான் இந்த மடல்.

என் அப்பாவும் இதே தொழில்தான். அவர் காலத்தில் ராஜா என்றால் வெல்வெட். சிவப்பு வெல்வெட்டில் கோட்டு, விளிம்பெல்லாம் ஜிகினா, நெஞ்சில் சம்கி. அரிச்சந்திரனுக்கும் அதுதான், ராஜராஜனுக்கும் அதுதான், பைபிள் நாடகத்து ஏரோதுக்கும் அதுதான். கம்பெனி நாடகம் போட்டுக் கொடுத்த கணக்கு அது. யாரும் கேள்வி கேட்கவில்லை. இப்போது கேட்கிறார்கள். ராஜராஜன் பிறந்தநாளான ஐப்பசி சதய விழாவுக்கு உடை கேட்டு வருகிற இளைஞர்கள் செல்போனில் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் ஓவியத்தைப் பெரிதாக்கிக் காட்டி, "இதுல கோட்டு எங்கண்ணே இருக்கு?" என்கிறார்கள். நியாயமான கேள்வி. கோட்டு இல்லைதான்.

அந்த ஓவியங்கள் கருவறையைச் சுற்றியுள்ள உள் சுற்றில், நாயக்கர் காலத்துப் பூச்சுக்கு அடியில் மறைந்து கிடந்தவை. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே. கோவிந்தசாமி கண்டு சொன்னார். நேரில் போய்ப் பார்க்க நமக்கெல்லாம் வாய்ப்பு கிடைப்பதில்லை; படியெடுத்தவற்றைத்தான் பார்க்கிறோம். அதுவே போதும். தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனர் இருக்கிறாரே, 1011ஆம் ஆண்டு வார்த்த வெண்கலச் சிவன், அவர் முன்னால் நான் எத்தனையோ மதியங்கள் நின்றிருக்கிறேன். கூட வருகிறவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள், தலையில் சுற்றிய பாம்பைப் பார்ப்பார்கள். நான் இடுப்பைப் பார்ப்பேன். எங்கே சுற்று ஆரம்பிக்கிறது, முடிச்சு எந்தப் பக்கம், துணி எவ்வளவு மெல்லியது என்று. தையல்காரன் புத்தி.

அங்கே நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். சோழர் காலத்து உடை பெரும்பாலும் கட்டுகிற உடை. தைத்த உடையென்றால், துணி சுமாராக இருந்தாலும் நான் உள்ளே லைனிங் கொடுத்து, டாட் பிடித்து, கேன்வாஸ் வைத்து ஒப்பேற்றிவிடுவேன். கட்டுகிற உடையில் என் கைக்கு வேலையே இல்லை. துணிதான் உடை. துணி தப்பானால் எல்லாம் தப்பு.

இதை நான் அவமானப்பட்டுத்தான் புரிந்துகொண்டேன். ஒரு பள்ளி ஆண்டு விழா. ஏழாம் வகுப்புப் பையன் ராஜராஜன். அரக்கு நிறத்தில் பாலியெஸ்டர் சாட்டின் எடுத்து, விளிம்பில் பிளாஸ்டிக் ஜரிகை வைத்து, கச்சமாகக் கட்டிவிட்டேன். வழுக்குகிற துணி, அதனால் இடுப்பில் ஆறு ஊக்கு. பையன் கம்பீரமாக நடந்து வந்து சிம்மாசனத்தில் உட்கார்ந்தான். "தூதனை வரச் சொல்!" என்று எழுந்தான். பின்கச்சம் மட்டும் சிம்மாசனத்திலேயே உட்கார்ந்திருந்தது. உள்ளே நீலக் கலர் ஸ்கூல் டிரவுசர். முன்வரிசையில் சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆனது. பையன் பாவம், வசனத்தை விடாமல் ஒரு கையால் துணியைப் பிடித்துக்கொண்டே முடித்தான். அவன் அம்மா என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

பருத்தி அப்படிச் செய்யாது. இரண்டு தடவை துவைத்த பருத்தி தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும். வயலில் இறங்குகிறவர் எட்டு முழ வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு நாளெல்லாம் குனிந்து நிமிர்கிறார். ஊக்கு குத்தியா கட்டுகிறார்? மேடை விளக்கிலும் வித்தியாசம் தெரியும். எல்இடி வெளிச்சம் பட்டால் சாட்டின் சாக்லேட் தாள் மாதிரி பளபளக்கும், பருத்தி வெளிச்சத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும். பட்டும் மின்னும், ஆனால் அது மடிப்புக்கு மடிப்பு வேறு வேறு மாதிரி மின்னும்.

சரி, நல்ல துணியை வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். என் கடையிலிருந்து திருபுவனத்துக்கு பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பட்டு அங்கே நெய்யப்படுகிறது. இந்தப் பக்கம் துகிலி. ஊர்ப் பெயரிலேயே துணி இருக்கிறது. அந்தப் பக்கம் அய்யம்பேட்டை. மயிலாடுதுறைக்குள் கூறைநாடு, கல்யாணப் பெண் கட்டுகிற கூறைப்புடவையை நாடே அந்தத் தெருக்களின் பெயரால்தான் சொல்கிறது. இப்படி நாலாபுறமும் தறிச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு என் சோழ ராஜாவுக்கு நான் பெரும்பாலும் வாங்குவது சூரத்து விசைத்தறித் துணி. மீட்டர் கணக்கில் கிடைப்பது அது ஒன்றுதான்.

ஒரு சங்க ஷோரூமில் நடந்ததைச் சொல்கிறேன். எந்தச் சங்கம் என்பது வேண்டாம், எங்கே போனாலும் இதே பேச்சுதான்.

"அண்ணே, இந்த உடல் மட்டும் ஆறு மீட்டர் வேணும். கரை வேண்டாம், முந்தி வேண்டாம், புட்டா வேண்டாம்."

"கரை இல்லாம எப்படிங்க புடவை?"

"புடவை இல்லீங்க. ராஜாவுக்கு."

"ராஜாவுக்கா? அப்ப இருங்க, ஜரிகை நிறைய உள்ளதா எடுத்துத் தர்றேன்."

நல்ல மனிதர். விசிறி மடிப்பில் அடுக்கியிருந்த கட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து விரித்தார். உள்ளங்கை அகலத்துக்கு மயில், யானை, மாங்காய். அழகுதான், மறுக்கவில்லை. அதைக் கட்டினால் ராஜராஜன் கல்யாண வரவேற்புக்கு வந்த பெண் வீட்டுச் சித்தி மாதிரி இருப்பார். கடைசியில் அவர் பிரச்சினையைச் சொன்னார்: "இருப்புப் புத்தகத்துல புடவைன்னுதான் எண்ணிக்கை இருக்கு. மீட்டர்னு ஒரு கட்டமே கிடையாது. வெட்டினா நான் கணக்குச் சொல்லணும்."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். நெசவாளிக்குக் கூலியும் புடவைக்கு இவ்வளவு என்றுதான். டிசைனுக்கு ஏற்பக் கூலி கூடும். வெறும் துணி நெய்யச் சொன்னால், "ஒன்றுமில்லாத துணிக்கு என்ன கூலி?" என்று சங்கமும் யோசிக்கும், நெசவாளியும் யோசிப்பார். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒன்றுமில்லாத துணி என்று ஒன்று கிடையாது என்பது உங்களுக்குத் தெரியாததா? புட்டா மேல் கண் போகிற புடவையில் சின்னக் குறை தெரியாது. வெறும் உடலில் ஒரு ஊடை, அதாவது குறுக்கு இழை, தளர்ந்தாலும் கோடு விழுந்து காட்டிக்கொடுக்கும். அதற்குத் தனியாக, மீட்டர் கணக்கில் நல்ல கூலி வைக்கத்தான் வேண்டும். வைத்துக் கேளுங்கள், தருகிறோம்.

நிறத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அலமாரியில் இருக்கும் ராணி பிங்க், கிளிப்பச்சை, மயில் கழுத்து ஊதா எல்லாம் சாயப்பட்டறை நிறங்கள். நிலக்கரித் தாரிலிருந்து ஊதா சாயத்தை ஓர் ஆங்கிலேயப் பையன் தற்செயலாகக் கண்டுபிடித்ததே 1856இல்தான். அதற்கு முன் இந்தக் கடற்கரையில் சிவப்பு என்றால் சாயவேர், இம்பூறல் என்றும் சொல்வார்கள். நீலம் என்றால் அவுரி. கடுக்காய் நீரில் ஊறவைத்த துணியில் படிகாரம் தொட்ட இடம் சாயவேரில் சிவக்கும், இரும்புக் கரைசல் தொட்ட இடம் கறுக்கும். இந்தச் சிவப்பு கத்தாது. செங்கல்லுக்கும் மாதுளைத் தோலுக்கும் நடுவே ஒரு நிறம். என் பாட்டி அதைக் காவி என்றும் சொல்ல மாட்டாள், சிவப்பு என்றும் சொல்ல மாட்டாள், "பழஞ்செவப்பு" என்பாள்.

சாயவேர் வாங்கி நனைத்துத் தாருங்கள் என்று கேட்கவில்லை. அது உங்கள் வேலையும் இல்லை. சாயமே போடாமல், வெளுக்காமல், கோராவாகத் தாருங்கள். நிறத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். வெளுத்த துணியில் நான் போடும் சாயம் எப்போதும் பொம்மைக் கடை நிறமாகத்தான் வருகிறது. கோராவில் அடியில் இருக்கும் மஞ்சள் அதை அடக்கிவிடுகிறது. பருத்திதான் வேண்டுமென்றால் இப்போது நான் செய்வது என்ன தெரியுமா? எட்டு முழ வேட்டி வாங்கி, நெசவாளி பார்த்துப் பார்த்து நெய்த கரையை இருபுறமும் கத்தரித்து, கஞ்சி போகும் வரை வெந்நீரில் அலசி, டீத்தூள் தண்ணீரில் போட்டுப் பழைய துணி மாதிரி ஆக்குகிறேன். கத்தரித்த கரைகள் ஒரு சாக்கு நிறையக் கிடக்கின்றன. தூக்கிப் போட மனசு வரவில்லை.

வெளியில் வாங்குவதில் ஏமாற்றும் உண்டு. "சுத்தக் காட்டன்" என்று சொல்லி ஒருவர் கொடுத்த துணியிலிருந்து நாலு இழை உருவிப் பற்றவைத்தேன். காகிதம் எரிகிற வாசனை வந்து சாம்பல் உதிர்ந்தால் பருத்தி, முடி கருகுகிற நாற்றம் வந்தால் பட்டு. அது உருகிக் குண்டூசித் தலை மாதிரி ஒரு மணியாக உறைந்தது. உங்கள் ஷோரூமில் நான் தீப்பெட்டி எடுக்க வேண்டியதில்லை. அதற்காகவே கூடுதலாகக் கொடுக்கத் தயார்.

மற்றச் சாமான்களுக்கு எனக்கு இந்த அலைச்சல் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். கிரீடம் வேண்டுமானால் தஞ்சாவூரில் நெட்டி என்கிற நீர்ச்செடித் தண்டில் வேலை செய்கிறவர்கள் தலை அளவு கேட்டுச் செதுக்கித் தருகிறார்கள். தகரக் கிரீடத்தைவிடப் பாதி எடைகூட இல்லை, பையன்களுக்குக் கழுத்து வலிக்காது. தஞ்சாவூர் ஓவியத்துக்குக் கல்லும் தாளும் விற்கிற கடையில் கால் கிலோ கல் கேட்டாலும் முகம் சுளிக்காமல் நிறுத்துத் தருவார்கள். மராத்தியர் காலத்து நாடகம் ஒன்றுக்காகச் சிக்கல்நாயக்கன்பேட்டை போனேன். தேருக்குத் துணித் தொங்கல்களான தொம்பையும் வாசமாலையும் வரைகிற கருப்பூர்க் கலம்காரி, 2021இல் குறியீடு வாங்கியது. அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை முழம்?" அந்தக் கேள்விக்காகத்தான் நான் உங்கள் வாசலில் இத்தனை வருஷமாக நிற்கிறேன்.

பெரிய கோயில் கல்வெட்டில் கோயிலில் ஆடிய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியலுக்குப் பின்னால் மற்றப் பணியாளர்களின் பட்டியல் வருகிறது. குயவர், வண்ணார், நாவிதர் வரிசையில் தய்யானும் (தையல்காரன்) உண்டு, மணி கோத்துத் தைக்கிற இரத்தினத்தய்யானும் உண்டு. என் தொழிலுக்கும் ராஜராஜன் ஒரு பங்கு எழுதிவைத்திருக்கிறான் என்று கல்லாப்பெட்டிக்கு மேலே அட்டையில் எழுதி மாட்டியிருக்கிறேன். கடன் கேட்டு வருகிறவர்களுக்கு முதலில் அதைப் படித்துக் காட்டுவேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆடியில் கல்யாணம் இல்லை. ஷோரூமில் ஈ ஓட்டுகிற நாட்கள் அவை. எங்களுக்கோ சதய விழா ஐப்பசியில், பள்ளி விழாக்கள் தை, மாசியில். ஆடியில் ஒரே ஒரு தறியில் கரைப்பாவு இல்லாமல், டிசைன் போடுகிற ஜக்கார்டு பெட்டிக்கு ஓய்வு கொடுத்து, வெறும் உடல் மட்டும் ஒரு பாவு (தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல்) ஓட்டுங்கள். பட்டு நெய்கிற சங்கம் பட்டு, வேட்டி நெய்கிற சங்கம் பருத்தி. நான் ஒருவன் முழுப் பாவையும் எடுக்க முடியாது, உண்மை. ஆனால் இந்தப் படுகையில் என்னைப் போல வாடகைக்கு உடை விடுகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், பரதநாட்டியம் சொல்லிக்கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், கூத்துக்காரர்கள் இருக்கிறார்கள். மெலட்டூரில் நரசிம்ம ஜயந்திக்கு பாகவத மேளா ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். யாருக்கு எத்தனை மீட்டர் என்று கேட்டு, முன்பணம் வசூலித்து, ஒரே சீட்டாகக் கொண்டுவந்து தருவது என் பொறுப்பு.

அப்புறம், நெசவில் பழுது விழுந்ததென்று கூலியில் பிடித்துக்கொண்டு மூலையில் போடுகிற புடவைகள். ஓர் இழை அறுந்திருக்கும், இல்லாவிட்டால் சாயம் திட்டாக ஏறியிருக்கும். கட்டுகிறவருக்கு அது குறை. எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை, பழுதைத் தாண்டி வெட்டிக்கொள்வேன். மாதத்தில் ஒரு நாள் அவற்றை மீட்டர் விலைக்குப் போடுங்கள். இருப்புப் புத்தகத்தில் ஒரு கட்டம் கூடுதலாகக் கோடு கிழிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். வருகிற பணத்தில் நெசவாளியிடம் பிடித்த கூலியைத் திருப்பிக் கொடுத்தால் எனக்கு இன்னும் சந்தோஷம்.

ஆனி கடைசி வாரம் நேரில் வருகிறேன். என் பங்குக்குத் தேவை: பருத்தி நாற்பது மீட்டர், பட்டு பன்னிரண்டு மீட்டர், அகலம் 48 அங்குலம். கரை வேண்டாம், சாயம் வேண்டாம், தயவுசெய்து கஞ்சி மட்டும் போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
கும்பகோணம் நாடக உடைக்காரன்