வினாக்கொத்தோடு வந்து போனவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களுக்குத் தரவு திரட்ட வரும் ஆய்வாளர்களுக்கும், அவர்களை அனுப்பிவைக்கும் பேராசிரியர்களுக்கும்,

வணக்கம்.

கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு பிளாஸ்டிக் கதிரை கிடக்கிறது. வீட்டுக்காரர் யாரும் அதில் உட்காருவதில்லை. “ஆய்வுக் கதிரை” என்று பேத்தி அதற்குப் பெயர் வைத்துவிட்டாள். சுனாமிக்குப் பிந்திய இந்த இருபது சொச்ச ஆண்டுகளில் இது மூன்றாவது கதிரை; முதல் இரண்டும் கால் உடைந்து போய்விட்டன, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. மருத்துவம் படித்தவர்கள், சட்டம் படித்தவர்கள், கல்வியியல் படித்தவர்கள் எல்லோரும் அதில் உட்கார்ந்து எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒருமுறை பௌதிகவியல் ஆய்வு மாணவர் ஒருவர்கூட வந்தார். குறை சொல்ல முடியாத பிள்ளைகள். செருப்பை வாசலில் கழற்றினார்கள், பிளேன்டீ குடித்தார்கள், இரண்டு தடவை நன்றி சொன்னார்கள். ஆனால் அவர்களில் ஒருவராவது திரும்பி வந்து, “ஐயா, நீங்கள் சொன்னவற்றை வைத்து நாங்கள் கண்டுகொண்டது இதுதான்” என்று சொன்னதில்லை.

எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பீடம் என்று எழுதப்போவதில்லை. ஒருவரின் பெயரைச் சொன்னால் மற்றவர்களெல்லாம் தப்பித்துக்கொள்வார்கள்.

என் தங்கையிடம் வந்த குழுவிலிருந்து தொடங்குகிறேன். அவள் வீடு நாவலடியில் இருந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. 2004 டிசம்பர் 26 காலையில் அந்த வீடும் அவளுடைய மூத்த மகனும் போனார்கள். பிறகு சில காலம் எங்கள் வீட்டில் இருந்தாள். அப்போதுதான் அந்தக் குழு வந்தது. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும் ஒரு தம்பி தாளைப் பார்த்து வாசித்தார்: “கடந்த இரண்டு கிழமைகளில் நித்திரை வராமல் எத்தனை நாட்கள் அவதிப்பட்டீர்கள்? ஒருபோதுமில்லை, சில நாட்கள், பாதிக்கு மேற்பட்ட நாட்கள், ஏறத்தாழ ஒவ்வொரு நாளும்.” தங்கை யோசித்துவிட்டுச் சொன்னாள்: “நித்திரை வருகிறது தம்பி. நடுச்சாமத்தில் காற்று மாறிக் கேட்டால் எழும்பிப் போய்க் கிணற்றை எட்டிப் பார்ப்பேன். தண்ணீர் அந்த மட்டத்திலேயே நின்றால் திரும்பி வந்து படுப்பேன்.”

தம்பி பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு “சில நாட்கள்” என்ற கட்டத்தில் சரி போட்டார். பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தாளில் கிணற்றுக்கு இடமில்லை. ஆனால் அந்த ஆய்வை முடித்தவர்கள் ஒரு தடவையாவது இந்த விறாந்தைக்கு வந்து முடிவை வாசித்துக் காட்டியிருந்தால், தங்கை கிணற்றுக் கதையை மறுபடி சொல்லியிருப்பாள். யாரோ ஒருவர் அதை ஓர் ஓரத்தில் குறித்துக்கொண்டிருப்பார்.

இது மரியாதைக்காகக் கேட்கும் தயவு அல்ல. உலக மருத்துவச் சங்கம் 1964இல் ஹெல்சிங்கியில் ஏற்றுக்கொண்ட பிரகடனத்தை நீங்கள் எல்லோரும் படித்துத்தான் ஒழுக்கவியல் குழுவின் அனுமதி வாங்குகிறீர்கள். அதன் 2013ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 26ஆம் பந்தியைப் பாருங்கள். மருத்துவ ஆய்வில் பங்குபற்றிய ஒவ்வொருவருக்கும் அதன் பொதுவான முடிவுகளை அறிந்துகொள்ளும் தெரிவு கொடுக்கப்பட வேண்டும் என்று இருக்கிறது. எங்கள் வீட்டில் கையெழுத்திட்ட சம்மதப் படிவங்களில் “எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளலாம்” என்ற வரி தவறாமல் இருந்தது. “முடிவு உங்களுக்கு வேண்டுமா?” என்று கேட்கும் வரியை நான் ஒன்றிலும் காணவில்லை. போவதற்கு வழி காட்டியவர்கள், வருவதற்கு வழி வைக்கவில்லை.

அடுத்தது சட்டம். நாவலடி வீடு தங்கையினுடையது. அம்மா அவளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தது. அம்மாவுக்கு அம்மம்மா கொடுத்தது. இந்தக் கரையில் வீடு பெண்வழி போகும் என்பது தமிழருக்கும் தெரியும், முஸ்லிம்களுக்கும் தெரியும். இரு பக்கத்திலும் குடி, அதாவது குலம், தாய்வழியே வருவது. யாழ்ப்பாணத்தின் வழக்கச் சட்டமான தேசவழமையை ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்தார்கள். அது இன்றும் நீதிமன்றத்தில் நிற்கிறது. மட்டக்களப்பின் வழக்கச் சட்டமான எங்கள் முக்குவர் சட்டத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. கிறிஸ்தோபர் பிரிட்டோ அதை ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டது 1876இல். அதே 1876இல் வந்த திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தோடு அது நீதிமன்றப் படியை விட்டு இறங்கிவிட்டது. பிறப்புப் பதிவும் மரணப் பதிவும் ஒரே ஆண்டில் நடந்த சட்டம் வேறெங்கும் இருக்குமோ தெரியவில்லை.

சட்டம் இறங்கினாலும் வழக்கம் இறங்கவில்லை. ஆனால் சுனாமிக்குப் பின் கிடைத்த புதிய வீட்டின் பத்திரத்தில் “குடும்பத் தலைவர்” என்ற இடத்தில் மச்சானின் பெயர் ஏறியது. மூன்று தலைமுறையாகப் பெண்வழி வந்த வீடு ஒரு படிவத்தில் ஆண்வழிக்குத் திரும்பியது. மச்சான் நல்லவர், சண்டை ஒன்றும் வரவில்லை. அவர் காலமான பிறகுதான் சிக்கல் தொடங்கியது. அந்தச் சமயத்தில் சட்டம் படிக்கும் ஒரு பிள்ளை ஆய்வுக்காக வந்தார். இரண்டு நாட்கள் உட்கார்ந்து கேட்டார், பழைய உறுதியையும் புதிய பத்திரத்தையும் நிழற்பிரதி எடுத்துக்கொண்டார். “இந்த மாதிரிப் பல பேருக்கு நடந்திருக்கிறது அம்மா, என்ன செய்யலாம் என்றுதான் ஆய்வு செய்கிறேன்” என்றார். தங்கை அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு மூன்று ஆண்டுகள் காத்திருந்தாள்.

பிறகு என் மருமகள் அந்தக் கட்டுரையை இணையத்தில் கண்டுபிடித்தாள். ஆங்கிலத்தில் ஒரு சுருக்கம் மட்டும் திறந்தது. மிச்சத்தைத் திறப்பதற்கு டொலரில் பணம் கட்ட வேண்டும். தங்கை சொன்ன கதையைத் தங்கையே வாசிக்க டொலர் கட்ட வேண்டும்! இதை அவளுக்கு விளங்கப்படுத்த நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. “நான் அந்தப் பிள்ளையிடம் காசு வாங்கவில்லையே அண்ணா” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

என் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். அக்கரைப்பற்றில் நெடுங்காலம் கள ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இந்தத் தாய்வழிக் குடி முறையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய பெரிய நூல் 2008இல் வந்தது. தாய்வழிக் கால்வழியைக் குறிக்கும் “வயிற்றுவார்” என்றால் என்ன என்று மருமகள் அறிந்துகொண்டது அந்தப் புத்தகத்திலிருந்துதான். சொல்லிக் கொடுத்திருக்க வேண்டிய நான் பக்கத்தில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன்.

கல்வி ஆய்வைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். எழுதினால் கோபம் வரும். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் உயர்தரத்துக்குப் பௌதிகவியல் படிப்பித்த காலத்தில் குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் பாதையில் போவேன். வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன், எங்களுக்குப் பாதை என்பது வாவியைக் கடக்கும் மிதவை. ஆளும் மோட்டார் சைக்கிளும் ஆடும் மாடும் ஒன்றாக ஏறும். மாரியில் காற்று அடித்தால் பாதை போகாது, முதலாம் பாடவேளை போய்விடும். ஆசிரியர்களுக்கென்று வந்த வினாக்கொத்தில் போக்குவரத்துக்கு நான்கு கட்டங்கள் இருந்தன: பஸ், மோட்டார் சைக்கிள், துவிச்சக்கர வண்டி, நடை. ஐந்தாவதாக “வேறு” என்று அரை அங்குல இடம். அதில் “பாதை” என்று எழுதினேன். தரவைக் கணினியில் ஏற்றியவர் கொழும்பில் இருந்திருந்தால் அதை “வீதி” என்று எடுத்துக்கொண்டிருப்பார். அந்த ஆய்வின் முடிவில் வாவி ஏறியதா, அல்லது “ஆசிரியர் தாமதம்” என்று ஒரு சதவீதமாகப் போய் நின்றதா? கேட்க ஆளில்லை.

இனி என் பாடத்துக்கு வருகிறேன். இங்கே சற்று நின்று பேச அனுமதியுங்கள். மட்டக்களப்பு வாவியில் நீருக்கடியிலிருந்து இசைபோல ஓசை எழுப்புவதாகச் சொல்லும் பாடும் மீனை எல்லோரும் அறிவார்கள். பிரித்தானியர் கால இலங்கையின் குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ட் 1848இல் இங்கே வந்து அந்த ஓசையைத் தோணியில் இருந்து கேட்டு எழுதிவைத்தார். இங்குள்ள மீனவர்கள் அதை மீன் என்று சொல்லவில்லை, ஊரி (ஓட்டுக்குள் வாழும் நத்தை வகை) என்றார்கள் என்பதும் அவர் குறிப்பில் இருக்கிறது. மீனா ஊரியா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. கேட்கும் முறை மட்டும் மாறவில்லை: பூரணை இரவில், காற்று அடங்கிய நேரத்தில், துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு மறுநுனியில் காதை வைக்க வேண்டும்.

ஏன் துடுப்பு? நீரில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1500 மீற்றர் போகும், காற்றில் 340 மீற்றர்தான். நீரும் காற்றைவிட எண்ணூறு மடங்கு அடர்த்தியானது. இந்த இரு வேறுபாட்டாலும் வாவிக்குள் எழும் ஒலி நீர்ப்பரப்பை முட்டியவுடன் அநேகமாக முழுவதும் உள்ளேயே திரும்பிவிடும். ஆயிரத்தில் ஒரு பங்கு சக்திதான் காற்றுக்குள் ஏறும். துடுப்பின் மரம் அந்தச் சுவரில் ஒரு கதவு. நீரிலிருந்து மரத்துக்கும், மரத்திலிருந்து காதோரத்து எலும்புக்கும் ஒலி ஏறி வந்துவிடும். இருபது ஆண்டுகள் இதை வைத்துத்தான் ஒலி பற்றிய அலகைத் தொடங்கினேன். அடுத்த பூரணைக்குப் பிள்ளைகள் தாங்களாகவே தோணி தேடிப் போனார்கள்.

மேலே சொன்ன பௌதிகவியல் மாணவர் நீருக்குள் இறக்கும் ஒலிவாங்கியோடு வந்தார். எங்கள் அயலில் இருக்கும் வயோதிப மீனவர் ஒருவர் அவரைத் தோணியில் ஏற்றிக்கொண்டு போய், எங்கே கேட்கும், எங்கே கேட்காது என்று இரண்டு இரவுகள் காட்டினார். கூலி வாங்கவில்லை. மாணவர் ஒலிப்பதிவின் பிரதி ஒன்றை அனுப்புவதாகச் சொன்னார். அந்த மனிதர் இன்றைக்கும் என்னை வழியில் கண்டால் கேட்கிறார்: “அந்தத் தம்பி என்ன சொல்லுகிறார், மீனா ஊரியா?”

நான் ஆங்கிலத்துக்கு எதிரி அல்ல. உலகத்துக்குச் சொல்ல வேண்டியதை உலகம் வாசிக்கும் மொழியில் எழுதுங்கள். பதவி உயர்வுக்குப் பட்டியலில் உள்ள ஆய்விதழ் வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் “தமிழில் எழுத இந்தத் துறைகளுக்குச் சொல் இல்லை” என்று என்னிடம் சொல்லாதீர்கள். ஆர்முடுகல், மீடிறன், பரிவு, இலத்திரன் என்று எழுதித்தான் எங்கள் பிள்ளைகள் பரீட்சை எழுதி உங்களிடம் வருகிறார்கள். சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்து வைத்தியர்களை உருவாக்கினார்.

அவ்வளவு தூரம் போவானேன்? காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகளின் சமாதி எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி அவர். யாழின் தந்தியைப் பாதி நீளமாக்கினால் மீடிறன், அதாவது அது செக்கனுக்கு அதிரும் தடவை, இரட்டிக்கும். மூன்றில் இரண்டு நீளமாக்கினால் ஒன்றரை மடங்காகி, குரல் (ச) என்ற சுரத்திலிருந்து இளி (ப) பிறக்கும். இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதைக்குள் இறங்கி, மறைந்துபோன யாழை நரம்பு நரம்பாகத் தேடினார். பௌதிகவியலும் இலக்கியமும் சேர்ந்த அந்த ஆய்வு, யாழ் நூல், 1947இல் தமிழில்தான் வந்தது. வழி தெரியாது என்று சொல்பவர் முதலில் அவரிடம் கணக்குச் சொல்லட்டும்.

கேட்பது பெரிய காரியம் அல்ல. ஆய்வு முடிந்த ஆறு மாதத்துக்குள், முடிவைத் தமிழில் இரண்டு தாளில் எழுதுங்கள். அம்பாறையில் சிங்கள ஊர்களில் கேட்டிருந்தால் சிங்களத்திலும் எழுதுங்கள். ஒரு பிரதியை மட்டக்களப்புப் பொது நூலகத்துக்கும், ஒன்றைத் தரவு கொடுத்த ஊரின் வாசிகசாலைக்கும் கொடுங்கள். முடிந்தால் இணையத்தில் உள்ள “நூலகம்” என்ற மின்னூலகத்துக்கும் அனுப்புங்கள். அங்கே வாசிக்க யாரும் டொலர் கேட்பதில்லை. பிறகு ஒரு மாலைநேரம் கோயில் முன்றலிலோ பள்ளிவாசல் முற்றத்திலோ உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். நாங்கள் குறுக்கே பேசுவோம், சில இடங்களில் பிழை என்போம். அதைக் குறித்துக்கொள்ள ஒரு தாளும் கொண்டுவாருங்கள். ஒழுக்கவியல் குழுக்களில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள்: அடுத்த ஆய்வுக்கு அனுமதி கேட்டு வருபவரிடம், முந்திய ஆய்வின் அந்த இரண்டு தாள் எங்கே என்று கேளுங்கள். அது ஒன்றே போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

என் வீட்டுக்கு வருபவர்களுக்குத் தகவல்: மாலை நான்கு மணிக்குப் பிறகு நான் இருப்பேன். பூரணைக்கு வந்தால் அயலவரின் தோணியும் தயார். வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு நடக்கும் நாட்களில் மட்டும் வர வேண்டாம். வீட்டில் ஒருவரும் இருக்க மாட்டோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.