கோல்ப் திடல் மதிப்பீடு: உறுப்பினர் கவனத்துக்கு

வணக்கம் உறவுகளே,

நாங்கள் போய்ப் பார்த்து மதிப்பீடு எழுதப்போகும் திடல்களில் முதலில் திருகோணமலைப் பக்கம் இருக்கும் சீனன்குடா. விமானப்படை நடத்தும் 18 குழித் திடல் அது. கடற்காற்று பந்தை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று கட்டாயம் எழுதுங்கள். பிறகு நுவரெலியா. கொழும்பு றோயல் கழகம் கடைசியில்தான். 1879 இல் தொடங்கிய பழைய கழகம், களனிவெளி ரயில் பாதை திடலுக்குள்ளாலேயே போகிறது, ஆனால் எங்கள் பொக்கற்றுக்குக் கொஞ்சம் பாரம்.

வடிவான படம் மட்டும் போதாது. குழியடிப் புல்லில், அதாவது குழியைச் சுற்றிக் கட்டையாக வெட்டிய புல்லில், பந்து நேராக உருளுதா, துள்ளித் திரும்புதா? மழை பெய்தால் தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கிறது? வெளியாட்களுக்குக் கட்டணம் எவ்வளவு, மட்டை வாடகைக்குக் கிடைக்குமா? இதுகள்தான் வேண்டும்.

கொலர் வைத்த சேர்ட் போட்டுப் போங்கள், இல்லாவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். யார் யார் வருகிறீர்கள் என்று வெள்ளிக்கு முன் சொல்லுங்கள், வான் பிடிக்க வேண்டும்.